பழனிக்கு நடந்த கால் லடாக்கில் மூட்டையோடு நடக்குமா?

கோட்டையூர்க்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கிற கூட்டத்தில் வருஷம் தவறாமல் போகிறவன் நான். சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்து பழகிய கால், அதனால் தூரத்துக்குப் பயமில்லை. இப்போது லடாக்கில் மார்க்கா பள்ளத்தாக்கு முழுவதையும் நடந்து பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. சிங்சென் பக்கம் கிளம்பி, கண்டா லா கணவாய் ஏறி இறங்கி, ஆற்றோடு மேலே போய், கோங்மாரு லா தாண்டி ஷாங் சும்தோவில் முடிக்கிற வழி. கழுதை, சமையல்காரர், வழிகாட்டி எதுவும் வேண்டாம், கூடாரமும் சோறும் என் முதுகிலேயே வர வேண்டும். வயது முப்பதுக்குள், எடை 65 கிலோ, நோய்நொடி இல்லை. அப்பச்சி "பழனிக்கு நடக்கிறவனுக்கு இது என்ன பெரிசு" என்கிறார், ஆத்தா பேச்சே கொடுப்பதில்லை. எவ்வளவு சுமக்கலாம், ஆற்றை எப்படிக் கடக்கிறார்கள், மலையே இல்லாத நம் ஊரில் எங்கே பழகுவது? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டை மலைநடை:

தம்பி, பாதயாத்திரை நடந்தவருக்குக் கால் பக்குவமாகியிருக்கும், கொப்புளம் வருவதற்கு முன்னாலேயே அந்தச் சூடு தெரியும், விடியும் முன் எழுந்து கிளம்புகிற பழக்கமும் இருக்கும், இதெல்லாம் அங்கே உண்மையிலேயே உதவும். ஆனால் பழனி வழியில் சாமான் வண்டியில் வந்துவிடுகிறது, மைலுக்கு ஒரு பந்தலில் மோரும் சோறும் கிடைக்கிறது, முடியவில்லை என்றால் பஸ் ஏறலாம். இங்கே அது எதுவும் கிடையாது. உடம்பு எடையில் ஐந்தில் ஒரு பங்கு சுமந்தால் நாள் முழுக்க நடக்கலாம், நான்கில் ஒரு பங்கைத் தாண்டினால் முழங்காலும் இடுப்பும் பேச ஆரம்பிக்கும். உங்களுக்கு 13 கிலோ, ரொம்பப் போனால் 16, தண்ணீரும் சேர்த்து. ஸ்கியூ, மார்க்கா, ஹங்கர் ஊர்களில் வீட்டிலேயே தங்கவைத்துச் சாப்பாடு போடுகிறார்கள். அந்த இடங்களில் அதை வாங்கிக்கொண்டால் மூட்டையில் இரண்டு மூன்று கிலோ குறையும், காசும் அந்த வீட்டுக்கே போகும். அது ஹெமிஸ் தேசியப் பூங்கா, பனிச்சிறுத்தை இருக்கிற காடு. ஆட்டை அடித்துத் தின்கிற சிறுத்தையை ஊர்க்காரர்கள் பொறுத்துக்கொள்வதற்கு இந்த வருமானமும் ஒரு காரணம், அதனால் எல்லாவற்றையும் சுமந்தே தீருவேன் என்று நிற்க வேண்டாம்.

ஆறுதான் முக்கியம். நம் பக்கம் ஆறு என்றால் மழைக்குத்தான் பெருகும். அங்கே வெயிலுக்குப் பெருகும், மேலே பனி உருகி வருகிற தண்ணீர். காலையில் முழங்காலுக்குக் கீழே ஓடுகிற அதே ஆறு மூன்று மணிக்குத் தொடையைத் தள்ளும், நிறமும் சாம்பலைக் கரைத்த மாதிரி ஆகிவிடும், அடி தெரியாது. எல்லா இடத்திலும் பாலம் இருக்காது. அதனால் இறங்கிக் கடக்க வேண்டிய இடம் எதுவாக இருந்தாலும் காலையிலேயே முடித்துவிடுங்கள், தாமதமாகிவிட்டால் இந்தக் கரையிலேயே கூடாரம் போட்டு மறுநாள் போங்கள். ஆறு குறுகி அமைதியாகத் தெரிகிற இடத்தில் ஆழம் அதிகம். அகன்று இரண்டு மூன்று கிளையாகப் பிரிகிற இடத்தில் இறங்குவதுதான் நல்லது. பையின் இடுப்பு வாரையும் மார்பு வாரையும் கழற்றிவிட்டுத்தான் இறங்க வேண்டும், விழுந்தால் பை உங்களை அமுக்கக் கூடாது. தண்ணீர் வருகிற திசையைப் பார்த்து, கோலை முன்னால் ஊன்றி, ஒரு கால் நன்றாக நின்ற பிறகு அடுத்த காலை நகர்த்துங்கள். வெறுங்கால் கூடவே கூடாது, அந்தக் குளிரில் கொஞ்ச நேரத்தில் கால் மரத்துப்போகும், கல் கிழித்தாலும் தெரியாது. வார் வைத்த செருப்பு தனியாக ஒன்று கொண்டுபோங்கள். கரையில் நின்று காது கொடுத்துக் கேளுங்கள், தண்ணீருக்கு அடியில் கல் உருண்டு டக் டக்கென்று மோதுகிற சத்தம் வந்தால் அன்றைக்கு அந்த ஆறு வேண்டாம்.

பயிற்சிக்குப் பிரான்மலை இருக்கிறதே. சிங்கம்புணரி வழியாகத்தானே பழனிக்கே போகிறீர்கள். இரண்டாயிரம் அடிக்கு மேல் உயரம், பாரி ஆண்ட பறம்பு மலை. பையில் இரண்டு லிட்டர் பாட்டில்களில் தண்ணீர் நிரப்பி அடுக்கி ஏறுங்கள், உச்சியில் தாகத்துக்கு வைத்துக்கொண்டு மற்றதைக் கொட்டிவிட்டு இறங்குங்கள், முழங்கால் தப்பிக்கும். காரைக்குடியில் எத்தனை கிலோமீட்டர் நடந்தாலும் சுமையோடு ஏறுவதற்கு ஈடாகாது.

கானாடுகாத்தான் டாக்டர்:

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் தம்பி கேட்காத கேள்விதான் எனக்கு முதல் கேள்வி. எவ்வளவு உயரம் போகிறோம் என்று யோசித்தீர்களா? லே ஊரே 3,500 மீட்டர், கோங்மாரு லா 5,200 மீட்டருக்கு மேல். அந்தக் கணவாயில் காற்றின் அழுத்தம் நம் ஊரில் இருப்பதில் பாதியை ஒட்டித்தான் இருக்கும். இதில் திடகாத்திரம் கணக்கில் வராது, நன்றாக நடக்கிறவர்கள் வேகமாக மேலே போய்விடுவதால் அவர்களுக்கே உயரத்தால் வருகிற நோய் பல நேரம் முதலில் வருகிறது. விமானத்தில் போய் இறங்கினால் லேயில் இரண்டு நாளாவது சும்மா இருங்கள். தரை வழி என்றால் மணாலியை விட ஸ்ரீநகர், கார்கில் வழி உடம்புக்கு நல்லது, மெதுவாக ஏறும். 3,000 மீட்டருக்கு மேல், தூங்குகிற இடத்தின் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் ஒரு நாள் கூடுதலாகத் தங்க வேண்டும்.

தலைவலி, குமட்டல், சாப்பாடு பிடிக்காமல் போவது, தூக்கமின்மை, இவை வந்தால் மேலே ஏறாதீர்கள். குறையவில்லை என்றால் இறங்குங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது, இருமல் வருகிறது என்றாலோ, குதிகாலையும் கால்விரலையும் ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாடுகிறது என்றாலோ, அது நடு இரவானாலும் இறங்க வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அசெட்டசோலமைடு மாத்திரை உதவும், ஆனால் கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், சல்ஃபா வகை மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால் அதை மருத்துவரிடம் சொல்லி, அவரைக் கேட்டு வாங்குங்கள். தனியாகப் போகிறவருக்குத் தள்ளாட்டத்தைப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லை, எனக்குக் கவலை அதுதான். ஆத்தா பேசாமல் இருப்பதற்கும் அதுதான் காரணமாக இருக்கும்.

பள்ளத்தூர் ஆச்சி:

தம்பி, சாப்பாட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. நான் மகளோடு போய் வந்தவள். கோங்மாரு லாவுக்கு முன்னால் தங்குகிற நிமாலிங் மேட்டில் தண்ணீர் 84 டிகிரியிலேயே கொதித்துவிடும், அரிசி எவ்வளவு நேரம் கிடந்தாலும் நடுவில் கடுக்கென்றுதான் இருக்கும், கேஸும் தீரும். அரிசியை விடுங்கள். அவல், வறுத்த ரவை, சேமியா, சத்துமாவு, இதெல்லாம் வெந்நீர் பட்டால் போதும். நாங்கள் புளிக்காய்ச்சலை எண்ணெய் பிரிகிற வரை சுண்டக் காய்ச்சிக் கொண்டுபோய் அவலில் கலந்தோம், கூடவே பருப்புப்பொடி. நடக்கும்போது மாவுருண்டை மாதிரி ஒன்று கிடையாது, பாசிப்பருப்பு மாவும் நெய்யும் சர்க்கரையும், இடம் அடைக்காது, தெம்பு நிற்கும். அந்த உயரத்தில் பசியே எடுக்காது, அப்போது நாக்குக்குப் பழகிய ருசிதான் உள்ளே இறங்கும். தேன்குழல் வேண்டாம், பையில் தூளாகிவிடும். இன்னொன்று, பருத்தி பனியன் நனைந்தால் காயவே காயாது, குளிர் எலும்புக்குப் போகும், கம்பளிக்கு மாறுங்கள்.

கோட்டையூர்க்காரன்:

அண்ணே, டாக்டர், ஆச்சி, மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. அத்தை மகன் ஒருவன் வருவதாகச் சொல்கிறான், தனியாகப் போகவில்லை. அப்புறம் ஒரு சந்தேகம், இன்னும் நீளமாக, ஜான்ஸ்கரில் இருக்கிற பதும்மிலிருந்து இமாச்சலப் பக்கம் தார்ச்சா வரை நடந்தால் என்ன? சிக்னல் இல்லாத இடத்திலும் செய்தி அனுப்ப வெளிநாட்டுக்காரர்கள் வீடியோவில் காட்டுகிற சாட்டிலைட் கருவி ஒன்றும் வாங்கலாமா?

தேவகோட்டை மலைநடை:

கருவியை வாங்காதீர்கள். அனுமதி இல்லாமல் நம் நாட்டில் அதை வைத்திருப்பது குற்றம், விமான நிலையத்திலேயே பிடிப்பார்கள். நம் ஊர் பிரீபெய்டு சிம்மும் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு எடுங்கள், அதுவும் லேயை விட்டு உள்ளே போனால் நம்ப முடியாது. எந்த நாள் எந்த ஊர், எந்தத் தேதிக்குள் திரும்பவில்லை என்றால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதி, ஒன்றை வீட்டிலும் ஒன்றை லேயில் தங்குகிற இடத்திலும் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

பதும் தார்ச்சா வழியில் ஷிங்கு லா வழியாக வண்டிச் சாலை வந்துவிட்டது, முன்பு நடைபாதையாக இருந்த பெரும்பகுதியில் இப்போது புழுதிதான் தின்ன வேண்டும். புர்னேயிலிருந்து பிரிந்து குகைக்குள் கட்டிய புக்தால் மடத்துக்குப் போகிற துண்டு இன்னும் அழகு. அங்கேயும் ஆற்றை மறக்கக் கூடாது. 2014 கடைசியில் மலை சரிந்து அந்த ஆற்றை அடைத்து, 2015 மே மாதம் உடைத்துக்கொண்டு போனபோது கீழே பாலங்களையே அடித்துக்கொண்டு போனது. மார்க்காவை முடித்துவிட்டு அதை யோசிக்கலாம். மார்க்காவிலும் கீழ்ப்பகுதியில் சாலை ஏறிக்கொண்டே வருகிறது, ஆகவே வருகிற செப்டம்பரிலேயே போங்கள், ஆற்றில் தண்ணீரும் குறைந்திருக்கும். அத்தை மகனையும் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குள் பிரான்மலை அடிவாரத்துக்கு வாருங்கள், பையைக் கட்டியே கொண்டு வாருங்கள், பிரித்துப் பார்த்து எதை எடுத்துப்போட வேண்டும் என்று சொல்கிறேன்.