அம்மாவோடு காரில் நமீபியா: இந்தத் திட்டம் சரிவருமா?

மிட்ராண்ட்வாசி:
வணக்கம். ஜூலைப் பள்ளி விடுமுறையில் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து காரிலேயே நமீபியா போகலாம் என்றிருக்கிறோம். நான், மனைவி, ஒன்பது வயது மகள், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா. அம்மாவுக்கு 67 வயது, மூட்டுவலி உண்டு. எல்லாரும் இந்திய பாஸ்போர்ட். வாடகைக்கு ஃபார்ச்சூனர் எடுக்கிறேன். முதல் நாள் அப்பிங்டன், மறுநாள் ஃபிஷ் ரிவர் கேன்யன், மூன்றாம் நாள் பாலைவனப் பூங்காவின் வாசலான செஸ்ரியம். நாலாம் நாள் விடியலில் சோசுஸ்வ்லே மணல்மேடுகளைப் பார்த்துவிட்டு, மதியம் கிளம்பி ராத்திரி ஸ்வாகொப்முண்ட். ஐந்தாம் நாள் எட்டோஷா வனவிலங்குப் பூங்கா. அம்மாவுக்குக் காட்டு யானையைப் பக்கத்தில் பார்க்கணும் என்று ரொம்ப நாள் ஆசை. போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
தம்பி, பிரிட்டோரியாவிலிருந்து நாங்கள் அடிக்கடி போகிற வழி இது. நாலாம் நாளைத் தயவுசெய்து மாற்றுங்கள். செஸ்ரியத்திலிருந்து ஸ்வாகொப்முண்ட் கிட்டத்தட்ட 350 கிலோமீட்டர், பெரும்பகுதி சரளை ரோடு. சி14 என்ற அந்த ரோடு அலை அலையாகப் புடைத்துக் கிடக்கும். ஜூலையில் அங்கே காலை ஏழரைக்கு மேல்தான் வெளிச்சம் வரும், சாயங்காலம் ஆறே காலுக்குச் சூரியன் இறங்கிவிடும். இருட்டினால் குடு என்ற பெரிய மான் திடீரென்று ரோட்டில் குதிக்கும், கார் நொறுங்கிவிடும். பல வாடகை ஒப்பந்தங்களில் இரவில் ஓட்டினால் இன்சூரன்ஸே கிடையாது. மதியத்துக்கு மேல் கிளம்புகிற எந்தப் பயணத்தையும் அங்கே வைத்துக்கொள்ளாதீர்கள்.

சரளையில் சட்டப்படி 100 வரை போகலாம். நீங்கள் 80-ஐத் தாண்டவே வேண்டாம். தார் ரோடு முடிந்ததும் டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்குங்கள். அதிர்வு குறையும், பங்க்சரும் குறையும். ஸ்டெப்னி ஒன்று போதாது, இரண்டு கேட்டு வாங்குங்கள். பெட்ரோல் பங்க் கண்ணில் பட்டால் பாதி டேங்க் இருந்தாலும் நிரப்பிவிடுங்கள்.

மூன்றாம் நாளும் அம்மாவுக்குத் தாங்காது. நடுவில் ஆவுஸ் என்ற ஊரில் தங்குங்கள். பக்கத்தில் கருப் என்ற இடத்தில் பாலைவனத்துக் காட்டுக் குதிரைகள் தண்ணீர் குடிக்க வரும். காரை விட்டு அதிகம் நடக்காமலே பார்க்கலாம், உங்கள் மகளுக்கும் பிடிக்கும்.

செஸ்ரியத்தில் பூங்காவுக்கு உள்ளேயே தங்கினால் விடிவதற்கு முன்பே கேட் திறந்துவிடுவார்கள். வெளியே தங்கினால் சூரியன் உதித்த பிறகுதான் விடுவார்கள். கேட்டிலிருந்து சோசுஸ்வ்லேக்கு 60 கிலோமீட்டர் தார் ரோடு, கடைசி 5 கிலோமீட்டர் வெறும் மணல். ஃபார்ச்சூனர் நாலு சக்கரமும் இழுக்கிற வகையா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் கட்டணம் கட்டி அங்குள்ள வண்டியில் போகலாம். அங்கிருந்து டெட்வ்லே என்ற வறண்ட களிமண் படுகைக்கு மணலில் ஒரு கிலோமீட்டர் போல நடக்கணும், அம்மாவால் முடியாது. நீங்கள் இருவரும் மாறி மாறிப் போய்வாருங்கள். வெள்ளைக் களிமண்ணில் 600 வருஷத்துக்கு மேல் கறுத்து நிற்கிற மரங்களை விட்டுவிட்டு வரக்கூடாது.

யானைக்கு எட்டோஷாவில் ஒக்காகுவேயோ முகாம். தங்குமிடத்துக்கு நடக்கிற தூரத்திலேயே நீர்நிலை, ராத்திரி முழுக்க விளக்குப் போட்டிருப்பார்கள். ஜூலையில் மழை இல்லாததால் யானை, காண்டாமிருகம் எல்லாம் தண்ணீர் தேடி அங்கே வரும். அம்மாவைப் போர்வையோடு பெஞ்சில் உட்காரவைத்தால் போதும். குளிர் கடுமை, கம்பளி மறக்காதீர்கள். குறைந்தது இரண்டு ராத்திரி கொடுங்கள் தம்பி. அம்மாவுக்காகத்தானே போகிறீர்கள்.

டர்பன்காரன்:
அக்கா ரோட்டைச் சொல்லிவிட்டார், நான் காகிதத்தைச் சொல்கிறேன். இந்திய பாஸ்போர்ட்டுக்கு நமீபியா விசா தேவை. அதைவிட முக்கியம், அம்மாவின் தென்னாப்பிரிக்க விசா ஒருமுறை நுழைவா, பலமுறையா என்று இன்றைக்கே பாருங்கள். ஒருமுறை என்றால் நாக்கோப் எல்லையைத் தாண்டியதும் அது முடிந்தது, திரும்பி வரும்போது உள்ளே விடமாட்டார்கள். மகளின் பிறப்புச் சான்றிதழில் அப்பா அம்மா இருவர் பெயரும் இருக்கணும். வாடகை வண்டிக்கு எல்லை தாண்ட அனுமதிக் கடிதம் வேண்டும், பின்னால் தென்னாப்பிரிக்க வண்டி என்று காட்டும் இசட்-ஏ (ZA) ஸ்டிக்கர் வேண்டும். எல்லையில் ரோட்டு வரி கட்டின ரசீதை வண்டியிலேயே வையுங்கள். ராண்ட் அங்கே அப்படியே செல்லும், ஒன்றுக்கு ஒன்று. ஆனால் நமீபிய டாலர் இங்கே கடைகளில் செல்லாது, மிச்சமிருந்தால் அங்கேயே பெட்ரோல் போட்டுத் தீர்த்துவிடுங்கள்.

மிட்ராண்ட்வாசி:
இருவருக்கும் நன்றி. அம்மாவுக்குப் பலமுறை விசாதான், பார்த்துவிட்டேன். ஆவுஸில் ஒரு ராத்திரி, செஸ்ரியத்தில் இரண்டு, எட்டோஷாவில் மூன்று என்று மாற்றியிருக்கிறேன். ஸ்வாகொப்முண்டுக்குக் காலையிலேயே கிளம்புகிறோம். அம்மா சுத்த சைவம், சாப்பாட்டுக்கு என்ன செய்வீர்கள் அக்கா?

வைகைக்கரை:
சின்ன ரைஸ் குக்கர் எடுத்துக்கொள்ளுங்கள், நம் பிளக்கே அங்கேயும் பொருந்தும். அரிசி, பருப்பு, புளிக்காய்ச்சல், இட்லிப் பொடி இங்கிருந்தே போகட்டும். காய்கறியைக் கீட்மன்ஸ்ஹூப், ஸ்வாகொப்முண்ட் கடைகளில் வாங்கலாம், நடுவில் ஒன்றும் கிடைக்காது. செஸ்ரியத்தில் உள்ளே தங்கும் இடம் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் பிறகு, அதை முதலில் பதிவு செய்யுங்கள்.