ரங்கூன் மல்லி படர்கிறது, பூக்கத்தான் மாட்டேன் என்கிறது
வணக்கம். 3 வருடத்துக்கு முன் நட்ட ரங்கூன் மல்லி இப்போது பந்தலை மூடிவிட்டு மாடிக் கைப்பிடியையும் பிடித்துக்கொண்டது. இலைக்குக் குறைவில்லை, பூதான் இல்லை. போன வருடம் ஒரே ஒரு கொத்து வந்தது. சாயங்காலம் வெள்ளையாக விரிந்து, மறுநாள் இளஞ்சிவப்பாகி, அப்புறம் நல்ல சிவப்பானதைத் தினமும் போய்ப் பார்த்தேன். அந்த வாசனைக்காகவே இதை விட மனமில்லை.

அரை நாள் வெயில் விழுகிறது. தொழு உரம் அடிக்கடி போட்டேன். தழைச்சத்து கூடிப் போனதோ என்று சந்தேகம். புதுத் துளிரில்தான் பூக்கும் என்று கத்தரிக்கோலை எடுத்தேன், கை வரவில்லை. எவ்வளவு வெட்டலாம்? முட்டி உயரத்துக்கு வெட்டினால் தழைக்குமா? வேரிலிருந்து கிளம்பும் பக்கக் கன்றுகளை எடுத்துவிடவா? வளர்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.