3, 4, 5 ஒரே அறையில்: உடல் பாதுகாப்பு வகுப்பை எப்படி நடத்துவது?

ஈராசிரியர்_பள்ளி

வணக்கம். 3, 4, 5 மூன்று வகுப்பும் என் பொறுப்பில், சேர்த்து 26 பிள்ளைகள். இந்தப் பருவத்துக்குள் உடல் பாதுகாப்பு, அதாவது தவறான தொடுதலிலிருந்து காத்துக்கொள்வது பற்றிப் பேசிவிடச் சொல்லியிருக்கிறார் தலைமையாசிரியர் மேடம். சார்ட்டை மாட்டி ஒரே பாடவேளையில் முடித்தால் சிரித்துவிட்டுக் கலைந்துவிடுவார்கள். எத்தனை நாளாகப் பிரிக்கலாம்? உறுப்புகளுக்கு எந்தச் சொல்லைச் சொல்வது? ஆண், பெண் பிள்ளைகளைத் தனித்தனியே உட்கார வைக்க வேண்டுமா? நான் ஆண் ஆசிரியர், அதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள். நடுவில் ஒரு பிள்ளை எழுந்து "சார், எனக்கு இப்படி நடந்துச்சு" என்றால் என்ன செய்வது?

கரும்பலகை

சார், நான்கு வகுப்பாகப் பிரியுங்கள். வாரம் ஒன்று, அரை மணி நேரம் போதும். திங்கள் அல்லது செவ்வாய் காலையில் வையுங்கள். வெள்ளி மதியம் வேண்டவே வேண்டாம். பாடம் கேட்டபின் ஏதாவது சொல்லத் தோன்றும் பிள்ளைக்கு இரண்டு நாள் பள்ளி இருக்காது. சொல்ல வேண்டியவரே வீட்டில் இல்லாமலும் போகலாம். மேடத்தை வகுப்பின் பின்னால் உட்காரச் சொல்லுங்கள், கதவு திறந்திருக்கட்டும்.

முதல் வகுப்பில் உடலைப் பற்றிய பேச்சே வேண்டாம். பென்சிலைக் கேட்காமல் எடுப்பது, கன்னத்தைக் கிள்ளுவது, தலைமுடியைக் கலைப்பது மாதிரி சின்ன விஷயங்களில் "எனக்குப் பிடிக்கல, வேண்டாம்" என்று சொல்லிப் பழக்குங்கள். பெரியவர்களிடம் மறுத்துப் பேசுவது மரியாதைக் குறைவு என்று வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள். அந்த ஒரு சொல் வாயில் வரவே அரை மணி நேரம் ஆகும்.

இரண்டாவது வகுப்புக்கு, நான்கு செய்தித்தாள்களை ஒட்டி அதில் ஓர் உடல் உருவத்தை நீங்களே வரைந்து கொண்டுவாருங்கள். பிள்ளையைப் படுக்கவைத்துச் சுற்றி வரையும் முறை இந்தப் பாடத்துக்கு ஒத்துவராது. படுத்த பிள்ளை கேலிக்கு ஆளாகும், வரைகிற கையும் கூடாத இடத்துக்கு அருகில் போகும். பயிற்சிப் படங்களில் நீச்சல் உடை போட்டிருப்பார்கள், நம் பிள்ளைகளுக்கு அது அந்நியம். ஜட்டி மூடும் இடம், மார்பு, வாய் என்று சொன்னாலே புரியும். வாயைச் சேர்க்கப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சொற்களைப் பொறுத்தவரை ஆண்குறி, பெண்குறி, ஆசனவாய், மார்பு என்று ஒரு முறை, சிறுநீரகம் என்று சொல்லும் அதே குரலில் சொல்லிவிட்டு, வீட்டில் எப்படிச் சொல்வார்கள் என்று கேளுங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அதட்டினால் இது பேசக்கூடாத விஷயம் என்பதுதான் மனதில் பதியும். பெயர் தெரியாத பிள்ளை பின்னால் "அங்க தொட்டாங்க" என்று மட்டும் சொல்லும், கேட்பவர் கை காலென்று நினைத்து விட்டுவிடுவார்.

விதியை முழுதாகச் சொல்லுங்கள்: அந்த இடங்களை யாரும் தொடக்கூடாது, பார்க்கக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, தங்களுடையதைத் தொடச் சொல்லவும் காட்டவும் கூடாது, போனில் அப்படிப்பட்ட படம் காட்டவும் கூடாது. விலக்கையும் அப்போதே சொல்லுங்கள். அடிபட்டாலோ காய்ச்சல் வந்தாலோ அம்மா பக்கத்தில் இருக்க டாக்டர் பார்க்கலாம். ஆனால் அதை ரகசியமாக வைக்கச் சொல்ல மாட்டார். விலக்கைச் சொல்லாமல் விட்டால் 3ஆம் வகுப்புப் பிள்ளை தடுப்பூசி போட வரும் நர்ஸிடம் போராடும்.

மூன்றாவது வகுப்பு முழுக்க "இப்படி நடந்தால்?" என்ற கேள்விகள். கடையில் சும்மா மிட்டாய் தருபவர், போனில் படம் காட்டும் மாமா, கழிப்பறையில் பெரிய வகுப்பு அண்ணன், வேன் டிரைவர், விடாமல் முத்தம் கேட்கும் பாட்டி, அம்மாவுடன் போகும்போது டாக்டர் என ஆறு போதும். எல்லாமே கெட்டது என்ற பதில் வராதபடி கலந்து வையுங்கள். அறிமுகமில்லாதவரை மட்டும் காட்டிப் பயமுறுத்த வேண்டாம். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளிலும் இத்தகைய வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் பிள்ளைக்குத் தெரிந்தவர்களே. நடித்துக் காட்டும்போது தொடுபவராக எந்தப் பிள்ளையையும் நிறுத்தாதீர்கள், நீங்களும் தொட்டுக் காட்டாதீர்கள். படத்தில் விரல் வைத்தால் போதும்.

கடைசி வகுப்புக்குக் கையைத் தாளில் வைத்து வரைந்து, விரலுக்கு ஒருவராக ஐந்து பெரியவர்களை எழுதச் சொல்லுங்கள். ஒருவர் பள்ளியிலும் ஒருவர் வீட்டுக்கு வெளியிலும் இருக்க வேண்டும். பாதிப் பேர் பக்கத்து பெஞ்சு நண்பனையோ திருப்பூரில் வேலை பார்க்கும் அப்பாவையோ எழுதியிருப்பார்கள். "இன்னைக்குச் சாயங்காலமே இவர்கிட்ட சொல்ல முடியுமா?" என்று கேட்டுத் திருத்துங்கள். போன் நம்பர் மனப்பாடமாகத் தெரிந்தால் அப்பா இருக்கலாம். முதல் விரல் நம்பாவிட்டால் அடுத்த விரல். உள்ளங்கையில் குழந்தைகள் உதவி எண் 1098.

மலர்விழி_ஆலோசகர்

கரும்பலகை சார் சொன்னதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன், இரண்டு விஷயம் சேர்க்க வேண்டும்.

"வேண்டாம்னு கத்து, ஓடு, சொல்லு" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். பயத்தில் உடம்பு அப்படியே உறைந்துபோகும்; பெரியவர்களுக்கே அப்படித்தான். கத்த முடியாமல் போன பிள்ளை, சார் சொன்னதை நான் செய்யவில்லை, தப்பு என்மேல்தான் என்று வாயை மூடிக்கொள்ளும். கத்தாவிட்டாலும், மிட்டாயை வாங்கியிருந்தாலும், நடந்து ஒரு வருஷம் ஆகியிருந்தாலும் தப்பு பிள்ளைமேல் இல்லை, இப்போதும் சொல்லலாம் என்பதை ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லுங்கள். அதேபோல் "உனக்குப் பிடிக்காவிட்டால் அது கெட்ட தொடுதல்" என்று உணர்வை அளவுகோலாக்காதீர்கள். தொடுபவர் பிரியமாகப் பேசி, பரிசு கொடுத்து வருபவராக இருந்தால் பிள்ளைக்கு அது கெட்டதாகவே தோன்றாது. தடுப்பூசி வலிக்கும், ஆனால் தப்பில்லை. விதியைப் பிடித்துக்கொள்வதே நல்லது.

ஆண், பெண் பிரிக்க வேண்டாம். பிரித்தால் இது பொம்பளைப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று பையன்கள் நினைப்பார்கள். 18 வயதுக்கு உட்பட்ட எல்லோரையும் போக்சோ சட்டம் (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம்) ஒன்றாகத்தான் பார்க்கிறது. 5ஆம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் பற்றி மேடம் தனியாக ஒரு நாள் பேசட்டும், 10 வயதில் வயதுக்கு வருபவர்களும் உண்டு. இந்த நான்கு வகுப்புகளோடு அதைக் கலக்க வேண்டாம்.

சட்டம்_பேசுவோம்

கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில்.

பிள்ளை வகுப்பின் நடுவில் ஆரம்பித்தால், "நீ சொன்னது நல்லதாப் போச்சு, மணி அடிச்சதும் நாம பேசலாம்" என்று நிறுத்துங்கள். 25 காதுகள் கேட்டால் மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். ஆனால் அடுத்த நாளுக்குத் தள்ளக்கூடாது. மற்றவர்கள் பார்க்கும் இடத்தில், பேச்சு மட்டும் கேட்காத தூரத்தில் உட்காருங்கள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், காப்பாற்ற முடியாது. "அப்புறம் என்னாச்சு?" என்பதற்கு மேல் கேள்வி வேண்டாம். "மாமாதானே செஞ்சார்?" என்று எடுத்துக்கொடுத்தால் நாளை நீதிமன்றத்தில் அது பிள்ளைக்கே எதிராகத் திரும்பும். பிள்ளை சொன்ன சொல்லையே, நல்ல தமிழாக்காமல், தேதி நேரத்தோடு அன்றே எழுதிவையுங்கள். மேடம் முன்னால் மறுபடி சொல்லச் சொல்லாதீர்கள்.

போக்சோ 19ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்தது தெரிந்த எவரும் காவல்துறைக்கு, அதாவது உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ சொல்லியாக வேண்டும். தலைமையாசிரியரிடம் சொன்னதோடு உங்கள் கடமை தீராது. சொல்லாவிட்டால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை. நல்லெண்ணத்தில் தகவல் கொடுப்பவர்மேல் வழக்கு வராது என்பதும் 19இலேயே இருக்கிறது. காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை இல்லாமல் வாங்க வேண்டும், முடிந்தவரை எஸ்.ஐ. நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி.

அதிகம் சொதப்புவது எங்கே என்றால், குற்றம் சாட்டப்பட்டவரைக் கூப்பிட்டு "விசாரிப்பது", ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிப்பது, ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் போடுவது. பிள்ளையின் பெயர், பள்ளி, தெரு எதுவும் வெளியே வரக்கூடாது. குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்கலாம் என்று தோன்றினால் பெற்றோரை அழைக்கும் முன் 1098இல் பேசி, பிள்ளை அன்று வீட்டுக்குப் போகலாமா என்று கேளுங்கள்.

ஈராசிரியர்_பள்ளி

மூவருக்கும் நன்றி. பெற்றோர் எதிர்த்தால்? பிள்ளைகள் தங்கள் புகாரை எழுதிப் போடப் பள்ளியில் வைக்கும் 'மாணவர் மனசு' பெட்டியை 3ஆம் வகுப்பில் சரியாக எழுத வராதவர்கள் எப்படிப் பயன்படுத்துவார்கள்?

கரும்பலகை

முதல் வகுப்புக்கு முந்தைய பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அதே செய்தித்தாள் படத்தைக் காட்டிவிடுங்கள். சாலை, கிணறு, பாம்பு, கரண்ட் என்று பாதுகாப்பு விதிகளில் ஆரம்பித்து அதில் ஒன்றாக இதைச் சொன்னால் எதிர்ப்பு குறைவு. எதிர்ப்பவர்கள் பெரும்பாலும் என்ன சொல்லித் தருவோமோ என்று தெரியாமல்தான் எதிர்க்கிறார்கள். பிள்ளை வந்து சொன்னால் அடிக்காதீர்கள் என்பதையும் அங்கேயே சொல்லுங்கள்.

பெட்டியில் படம் வரைந்தும் போடலாம், பெயரும் ஒரு முகமும் இருந்தால் போதும். பெட்டி மேடத்தின் அறை வாசலில் இருந்தால் யாரும் போட மாட்டார்கள். தண்ணீர்க் குழாய்க்குப் போகும் வழியில், 3ஆம் வகுப்புப் பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் மாட்டுங்கள்.

சட்டம்_பேசுவோம்

பெட்டியில் வந்த தாளுக்கும் 19ஆம் பிரிவு பொருந்தும். தாளைக் கிழிக்காமல், மேலே எதுவும் எழுதாமல், உறையில் போட்டு வையுங்கள்.