மலபார் மரத்தேரை: நேரில் பார்த்தவர்கள், குரல் கேட்டவர்கள் எழுதுங்கள்

மழைக்காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் சுற்றியவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். மலபார் மரத்தேரையை எங்கே, எந்த மாதம், என்ன செய்துகொண்டிருந்தபோது பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். பெடோஸ்டிபெஸ் டியூபர்குலோசஸ் என்பது அதன் அறிவியல் பெயர். என் அனுபவத்தை முதலில் சொல்கிறேன்.

இடம் கர்நாடகத்தின் அகும்பே, ஜூன் மாதம். பருவமழை பிடித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சாயங்காலம் மழை சற்று வெறித்ததும் ஓடைக்கரையில் இறங்கினோம். சில்வண்டு இரைச்சலுக்கு நடுவே ‘ஷிர்ர்ர்ர்’ என்று நீளமாக ஒரு குரல். சில விநாடி இழுத்து நிற்கும், பிறகு மறுபடி தொடங்கும். கூட வந்தவர் அதையும் பூச்சி என்றே எண்ணி நடந்துகொண்டிருந்தார். தேரை என்றால் எல்லோரும் தரையில்தான் டார்ச் அடிப்பார்கள். நாங்கள் புதர் உயரத்துக்கு அடித்தோம். ஆள் உயரத்தில், ஓர் இலைமேல் உட்கார்ந்திருந்தது.

நான்கு சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். சாம்பல் கலந்த பழுப்பு முதுகு, அதில் பொடிப்பொடியாகக் கொப்புளங்கள். தோளிலிருந்து இடுப்பை நோக்கிப் பெரிய கொப்புளங்கள் வரிசை கட்டியிருந்தன. கண்ணுக்குக் கீழே தொடங்கித் தோள்வரை ஒரு வெள்ளைப் பட்டை, விலாவில் இன்னொன்று. வீட்டு வாசலுக்கு வரும் சாதாரணத் தேரைக்குத் தலையில் கறுப்பு ஓரம் கட்டிய எலும்பு வரம்பு இருக்குமே, அது இதற்குக் கிடையாது. விரல் நுனிகளைத்தான் ரொம்ப நேரம் பார்த்தேன். வெட்டிவிட்ட மாதிரித் தட்டையாக அகன்றிருந்தன. ஈர இலையில் வழுக்காமல் நிற்க அவைதான் பிடிமானம். நாங்கள் தொடவில்லை. குரலைப் பதிவு செய்துகொண்டு விளக்கை அணைத்துவிட்டோம்.

* * *

அண்ணா, நான் பார்த்தது கேரளத்தின் சைலண்ட் வேலியில், வனத்துறை அனுமதியோடு நடந்த ஒரு கணக்கெடுப்பில். எனக்குக் கிடைத்தது ஒரு ஜோடி. ஆண் முதுகில் இறுகப் பிடித்திருக்க, பெண் அதைச் சுமந்தபடியே மரத்தண்டில் தலைகீழாக இறங்கிக்கொண்டிருந்தது. ரெண்டடி இறங்கும், நிற்கும், மறுபடி இறங்கும். ஆண் அளவில் சிறியது, பெண்ணின் முதுகில் பாதிதான் இருந்தது. அட்டைக்கடியைக்கூட மறந்துவிட்டு நின்று பார்த்தோம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மரத்திலேயே வாழ்கிற உயிர், மரம் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். முட்டையிட அது தண்ணீருக்கு வந்தாக வேண்டும். தலைப்பிரட்டை வளர ஓடையோரத்துக் குட்டை மாதிரி ஆழமில்லாத நீர் வேண்டும். மேலே மரக்கூரை அப்படியே இருந்து, கீழே ஓடையைத் தடுத்துத் திருப்பிவிட்டால் அந்த இடத்தில் ஒரு தலைமுறை நின்றுபோகும். எங்கள் குழுவில் மரங்களைக் கணக்கெடுத்த அளவுக்கு யாரும் ஓடைகளைக் கணக்கெடுக்கவில்லை, அது எனக்கு இன்னும் குறைதான்.

இன்னொரு விஷயம். சைலண்ட் வேலி பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே இருக்கிறது. கணவாய்க்குத் தெற்கிலும் இதே பெயரில்தான் பதிவுகள் உள்ளன. அந்தக் கணவாய் எத்தனையோ தவளை இனங்களைப் பிரித்து வைத்திருக்கிறது. அதனால் தெற்கில் குரல் கேட்டவர்கள் அவசியம் ஒலிப்பதிவு போடுங்கள், பக்கத்தில் வைத்துக் கேட்டுப் பார்க்கலாம்.

* * *

பரவல் பற்றிப் பேச்சு வந்ததால், வகைப்பாட்டு விஷயத்தையும் சேர்த்துக்கொள்கிறேன். எனக்கு இந்தத் தேரையிடம் பிடித்ததே அந்தக் கதைதான்.

1876-இல் விலங்கியலாளர் ஆல்பர்ட் குந்தர் இந்தப் பேரினத்தையும் (நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைக்கும் தொகுதி) இனத்தையும் சேர்த்தே விவரித்தார். பிறகு, மரத்தில் ஏறுகிற ஆசியத் தேரைகள் ஒவ்வொன்றாக இந்தப் பேரினத்தில் வந்து சேர்ந்தன: போர்னியோ, சுமத்ரா, மலாய்த் தீபகற்பத்து இனங்கள், மேகாலயாவின் காரோ குன்றுகளில் கிடைத்த கெம்ப்பி என்ற இனம் எல்லாம். வரைபடத்தில் பார்த்தால் விசித்திரமாக இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு கோடு, நடுவே காரோ குன்றுகளில் ஒரு புள்ளியைத் தவிரப் பெரிய வெற்றிடம், அப்புறம் நேரே தென்கிழக்காசியா.

2016-இல் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தபோது அந்த வெற்றிடத்துக்கு விடை கிடைத்தது. தென்கிழக்காசிய இனங்கள் வேறு கிளை, ஃப்ரைனாய்டிஸ் என்ற பேரினத்துக்கு நெருக்கமானவை. அவற்றுக்கு ரெண்டாப்பியா என்று புதுப் பேரினமே வைத்தார்கள். அதே ஆண்டு கெம்ப்பியும் பூஃபாய்டிஸ் பேரினத்துக்குப் போனது. நம் மரத்தேரையோ டட்டாஃப்ரைனஸ், சாந்தோஃப்ரைன், இலங்கையின் அடினோமஸ் ஆகிய பேரினங்களோடு தெற்காசியக் கிளையில் நிற்கிறது. மரமேறும் விரல்கள் இரண்டு கிளைகளிலும் தனித்தனியாக உருவாகியிருக்கின்றன. ஆக, பெடோஸ்டிபெஸ் பேரினத்தில் இப்போது மிஞ்சியிருப்பது இந்த ஓர் இனம்தான், அதுவும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வெளியே கிடையாது. இது அழிந்தால் பேரினமே போய்விடும். ஐயுசிஎன் (பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு) பட்டியலில் 2004-இலேயே இதை அழியும் ஆபத்திலுள்ள இனமாகச் சேர்த்துவிட்டார்கள்.

நான் இதுவரை குரல்தான் கேட்டிருக்கிறேன். குடகில், காப்பித் தோட்டத்தை ஒட்டிய காட்டு விளிம்பில். தோட்டத்துக்குள் ஒன்றும் கேட்கவில்லை, காட்டுப் பக்கம் திரும்பினால்தான் கேட்டது.

* * *

சார் சொன்ன சாந்தோஃப்ரைன் பேரினத்தில் ஒன்றை மகாராஷ்டிரத்தின் அம்போலியில் பார்த்திருக்கிறேன், சாந்தோஃப்ரைன் டைகரினா. 2009-இல்தான் விவரித்தார்கள். செம்புரைக்கல் பாறையில் மழைத்தண்ணீர் தேங்கிய இடத்தில் உடம்பில் மஞ்சள் வரிகளோடு கிடந்தது. அதன் பரவல் அம்போலியும் சுற்றுவட்டாரமும்தான், அதனால் எங்கே காக்க வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. மரத்தேரைக்குப் பட்டியல் நீளம்: மகாராஷ்டிரம், கோவா, கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு. கேட்பதற்குப் பரந்த வாழிடம் போலத் தெரியும். உண்மையில் துண்டு துண்டான காடுகள். ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்கு நான்கு சென்டிமீட்டர் உடம்போடு தேயிலையைத் தாண்டி, தார்ச்சாலையைத் தாண்டிப் போக வேண்டும்.

* * *

நான் இலங்கை மலையகத்தில் இருந்து எழுதுறேன், மஸ்கெலியா பக்கம். அடினோமஸ் பேரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க ஏலவில்லை.

எங்கட பக்கம் ஓடைப் பாறைகளில் அடினோமஸ் கெலார்ட்டி இருக்குது. அதன் சொந்தக்காரன் அடினோமஸ் கண்டியானஸ். அதையும் குந்தர்தான் 1872-இல் விவரித்தார். அதற்குப் பிறகு நூறு வருசத்துக்கு மேல் யார் கண்ணிலும் படாததால் 2004-இல் அற்றுப்போன இனம் என்று அறிவித்துவிட்டார்கள். 2009-இல் சிவனொளிபாதமலைக் காட்டில் திரும்பக் கிடைத்தது, 2012-இல் ஆய்வுக் கட்டுரையும் வந்தது. அதோடு முடியவில்லை. 1998-இல் அடினோமஸ் டாசி என்று தனி இனமாக விவரித்திருந்ததும் கண்டியானஸும் ஒன்றேதான் என்று 2015-இல் நிரூபித்தார்கள். அற்றுப்போனது என்று எழுதி வைத்திருந்த நேரத்திலேயே அது வேறு பேரில் பதிவாகி இருந்திருக்குது! பழைய மாதிரிகளைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறவங்க மேல எனக்கு அதனால பெரிய மரியாதை.

நான் பார்த்த கெலார்ட்டி, வேகமாகத் தண்ணி ஓடுற பாறையில் நனைந்தபடி இருந்தது. உங்கட மரத்தேரை இலையில் இருக்குது என்கிறீங்க. இவ்வளவு நெருங்கின சொந்தம், ஆனால் ஒன்று பாறையில், மற்றது மரத்தில். உங்களில் யாரிடமாவது மரத்தேரையின் தலைப்பிரட்டைப் படம் இருந்தால் போடுங்க, அடிப்பக்கமும் வாயும் தெரிகிற மாதிரி. எங்கட ஓடையில் உள்ளதோட ஒப்பிட்டுப் பார்க்க வேணும். சரியான இடத்தை மட்டும் வெளியில் போட வேண்டாம், மாவட்டமும் உயரமும் சொன்னால் போதும்.