மகளுக்கு என் அப்பாவின் பெயர் வைக்கலாமா? ஆண் பெயர் என்கிறார்கள்

குன்றத்து மகள்:

எனக்கு ஊர் சிங்கம்புணரிப் பக்கம். வாசலில் நின்றால் பிரான்மலை தெரியும். அதுதான் பாரி ஆண்ட பறம்புமலை என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளையும் சொல்லும். தாத்தா தமிழ்ப் பற்றில் அப்பாவுக்குப் பாரி என்று பெயர் வைத்தார். அப்பா தபால்காரர். மலையடிவாரத்தில் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளுக்கு மணியார்டரைக் கொடுத்து, கைநாட்டு வாங்கி, மகன் எழுதிய கடிதத்தையும் திண்ணையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டிவிட்டுத்தான் சைக்கிளை எடுப்பார். போன ஐப்பசியில் இறந்துவிட்டார். நான் அப்போது நான்கு மாதக் கர்ப்பம். பங்குனியில் மகள் பிறந்தாள்.

நான் அவருக்கு ஒரே பிள்ளை. மகளுக்குப் பாரி என்றே வைக்க ஆசைப்படுகிறேன். வீட்டுக்காரர் சரி என்றுவிட்டார். அத்தைதான், “பொம்பளப் பிள்ளைக்கு ஆம்பளப் பேரா? பள்ளிக்கூடத்துல கேலி பண்ண மாட்டாங்களா?” என்கிறார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ராத்திரியெல்லாம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பவர் அவர்தான். பாரிஜாதம் என்று வைத்துவிட்டுப் பாரி என்று கூப்பிடு என்று வழியும் சொன்னார். பாரிஜாதம் பூவின் பெயர். என் அப்பாவின் பெயர் அது இல்லையே.

பேரன் என்றாலே பெயரன், தாத்தாவின் பெயரைத் தாங்குபவன். பேத்தியும் பெயர்த்திதானே? பிறகு அவளுக்கு மட்டும் ஏன் கூடாது? இன்னொன்றும் மனதை அறுக்கிறது. புறநானூற்றின் 112ஆம் பாட்டைப் பாடியவர்கள் பாரியின் பெண்கள். அப்பாவை இழந்துவிட்டு, போன மாத நிலாவையும் இந்த மாத நிலாவையும் வைத்துப் பாடியது. பாடியவர் பெயர் என்று அங்கே இருப்பது ‘பாரி மகளிர்’ மட்டும்தான். அங்கவை, சங்கவை என்பதெல்லாம் பின்னால் வந்த பெயர்கள். அப்பா போனதற்கு அப்புறம் அந்தப் பாட்டை என்னால் முழுதாகப் படிக்க முடியவில்லை.

இப்படிப் பெயர் வைத்தவர்கள், இப்படிப் பெயரோடு வளர்ந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். சான்றிதழில் சிக்கல் வருமா?

பழைய பதிவாளர்:

பேரூராட்சியில் பிறப்பு, இறப்புப் பதிவு பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சிக்கல் எதுவும் வராது அம்மா. ஆணா பெண்ணா என்பதற்குத் தனிக் கட்டம் இருக்கிறது. பிறப்பைத்தான் 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயரைப் பதிவான நாளிலிருந்து ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். தாமதக் கட்டணம் கட்டினால் 15 ஆண்டு வரைக்கும் சேர்க்கலாம். அதனால் அத்தையிடம் நிதானமாகப் பேசுங்கள். ஆங்கில எழுத்தை மட்டும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். ஆதாரில் ஒன்று, பள்ளியில் ஒன்று என்று எழுதிவிட்டுப் பத்தாம் வகுப்பில் அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இளங்கோ (பெண்தான்):

தங்கச்சி, என் பெயர் சான்றிதழிலும் இளங்கோதான். மறைக்காமல் சொல்கிறேன், தொல்லை உண்டு. கல்லூரி சேர்ந்த அன்று என் பெயர் ஆண்கள் விடுதிப் பட்டியலில் இருந்தது. தகரப் பெட்டி மேலேயே சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். அப்பா ஊருக்குப் பஸ் ஏறிப் போயிருந்தார். யாரோ ஒரு அக்கா பார்த்துத் தன் அறைக்குக் கூட்டிப் போய்ச் சோறு போட்டார். அன்றைக்கு அந்தப் பெயரை வெறுத்தேன். இப்போது போனில் “சார் இருக்காரா?” என்று கேட்டால், “இளங்கோதான் பேசுறேன், சொல்லுங்க” என்பேன், அவ்வளவுதான். உங்கள் மகளுக்கு ஒன்று மட்டும் செய்யுங்கள். ஏன் இந்தப் பெயர் என்று அவளுக்குச் சின்ன வயதிலேயே கதையாகச் சொல்லிவிடுங்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை, நானாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள இருபது வயதாகிவிட்டது.

தமிழாசிரியை:

கடையெழு வள்ளல்களைச் சொல்லிப் பாருங்கள். பாரி, காரி, ஓரி, நள்ளி. நான்கு பேர் பெயரும் இகரத்தில்தான் முடிகிறது. வள்ளி, செல்வி மாதிரி காதுக்குப் பெண் பெயராகவே கேட்கும். கோதை என்றால் நமக்கு ஆண்டாள். புறநானூற்றில் கோக்கோதை மார்பன் என்று ஒரு சேர மன்னனே இருக்கிறான். இந்த இரண்டையும் உங்கள் அத்தையிடம் சொல்லுங்கள்.

டோர்ட்முண்டிலிருந்து:

இங்கே ஜெர்மனியில் ஒரு இந்திய வம்சாவளிக் குடும்பம் மகளுக்குக் கிரண் என்று பெயர் வைக்கப் போய், அது பெண் பெயர் என்று தெளிவாகத் தெரியவில்லை என்று பதிவு அலுவலகம் மறுத்தது. விஷயம் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. பெயர் ஆணா பெண்ணா என்று காட்டியே ஆக வேண்டும் என்று சட்டத்தில் இல்லை என்று 2008 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஊரில் உங்களுக்கு அந்தப் படியேறும் வேலையே இல்லை, வையுங்கள் அக்கா. ஹாக்கியில் ஹர்மன்பிரீத் சிங் ஆண், கிரிக்கெட்டில் ஹர்மன்பிரீத் கவுர் பெண். பஞ்சாபில் இதையெல்லாம் யாரும் கேட்பதுகூட இல்லை.

குன்றத்து மகள்:

எல்லோருக்கும் நன்றி. இளங்கோ அக்கா, தகரப் பெட்டி மேல் நீங்கள் உட்கார்ந்திருந்ததை நினைத்து அழுதுவிட்டேன். கதையை இன்றைக்கே தொடங்கிவிட்டேன். தொட்டிலை ஆட்டிக்கொண்டே தபால் பை, சைக்கிள், திண்ணைப் பாட்டி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சமையல்கட்டிலிருந்து அத்தை, “அந்தப் பாட்டி மகன் கடைசியில வந்தானா இல்லையா?” என்று கேட்டார்.

பதிவாளர் ஐயா, ஆங்கிலத்தில் ஒரு ‘ஏ’ போட்டால் வடக்கே பரி என்று படிப்பார்கள், தேவதை என்று அர்த்தமாம். இரண்டு ‘ஏ’ போடுகிறேன். அப்பாவின் பணிப் பதிவேட்டிலும் இரண்டுதான் இருக்கிறது.