இருக்கும் ரேசரே போதும் என்று ஏன் தோன்றுவதில்லை? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

செந்தூலிலிருந்து

பிரஷ், சோப்பு, இரட்டை முனை பிளேடு என்று பழைய முறை ஷேவிங்குக்கு வந்தவர்களில் ஒரே ரேசரோடு நின்றவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பல பிளேடு அடுக்கிய, கழற்றி மாட்டும் தலையான காட்ரிட்ஜின் விலை கட்டுப்படியாகாமல்தான் பலர் வருகிறார்கள். பிளேடு ஒன்று ஒரு வெள்ளிக்கும் (மலேசிய ரிங்கிட்) கீழே கிடைக்கிறது. செலவு குறைய வேண்டும். ஆனால் கொஞ்ச காலம் போனால் அலமாரியில் இடமில்லை. வெறும் ஆசை என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

நான் முதலில் வாங்கியது ஜெர்மனியில் செய்த மெர்க்கூர் 34சி. கைக்கு அடக்கம், நல்ல கனம், தோலை அதிகம் சீண்டாத ரேசர். தாடைக்கு அடியில் மட்டும் கொஞ்சம் சொரசொரப்பு நின்றுவிடும். அதைப் போக்கத்தான் மூலே ஆர்41 வாங்கினேன். சீப்புப் பல் வைத்த தலை, பிளேடு நன்றாக வெளியே நிற்கும், கவனம் தப்பினால் ரத்தம்தான். முகம் வழவழவென்று ஆனது. அப்புறம் வேறு சிலவும் வந்தன. ஒவ்வொன்றும் முந்தையதைவிட நன்றாகவே இருந்தது. ரொம்ப நாள் கழித்து, ஈப்போவில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது பையில் 34சி மட்டும்தான் இருந்தது. ஆர்41 தந்த அதே வழவழப்பை அன்றைக்கு அது தந்தது.

இடைப்பட்ட காலத்தில் கை பழகியிருந்தது. காட்ரிட்ஜில் கோணத்தை அதன் தலையே பார்த்துக்கொள்ளும். இதில் ஏறத்தாழ 30 டிகிரி சாய்வை மணிக்கட்டுதான் பிடித்திருக்க வேண்டும். அழுத்தக்கூடாது, ரேசரின் கனமே வேலையைச் செய்ய வேண்டும். நுரைக்கு எவ்வளவு தண்ணீர் என்பது விரலுக்குத் தெரிய வேண்டும். இவையெல்லாம் மெல்லத்தான் வரும். அப்படி வந்துகொண்டிருக்கும் நாட்களில் எந்த ரேசர் புதிதாக வீட்டுக்குள் நுழைகிறதோ, நல்ல பெயர் அதற்குப் போய்விடுகிறது. பழைய ரேசரைத் திரும்ப எடுத்துப் பார்ப்பவர்கள் குறைவு. அதனால் அடுத்தது இன்னும் நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கை குலைவதே இல்லை.

இன்னொரு காரணம் அந்த பிளேடின் வடிவம். கிங் கேம்ப் ஜில்லெட்டுக்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது 1904இல். அது எப்போதோ காலாவதியாகிவிட்டது. இரட்டை முனை பிளேடை இன்று யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஜப்பான் ஃபெதரும் துருக்கி டெர்பியும் எந்த ஊர் ரேசரிலும் உட்காரும். ஒரே ரேசரில் ஃபெதர் போட்டால் ஒரு குணம், டெர்பி போட்டால் வேறு குணம். பிளேடு மாறினால் ரேசரைப் பற்றிய தீர்ப்பு மாறுகிறது, சோப்பு மாறினால் பிளேடைப் பற்றிய தீர்ப்பு மாறுகிறது. எதையும் பார்த்து முடித்தாயிற்று என்று சொல்ல வழியில்லை.

உங்களுக்கு எப்படி?

பிறையிலிருந்து

அண்ணே, என் கதை வேறு. நல்ல ஷேவ் தேடி நான் வாங்கவில்லை.

ஞாயிறு காலை ஜார்ஜ்டவுன் லோரோங் கூலிட் பசாருக்குப் போவது என் பழக்கம். மைதானத்துக்குப் பக்கத்தில் தரையில் துணி விரித்துப் பழைய சாமான் விற்பார்களே, அங்கேதான். நாணயம், பூட்டு, கைக்கடிகாரத்துக்கு நடுவில் அழுக்கேறிய ஒரு ஜில்லெட் கிடந்தது. கைப்பிடியின் அடிக்குமிழைத் திருகினால் தலை இரண்டு கதவாகத் திறக்கும் ரகம், சூப்பர் ஸ்பீட். விரித்திருந்த சீனப் பெரியவர் 30 வெள்ளி கேட்டார். பேரம் பேசத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய பல் பிரஷும் வைத்துத் தேய்த்தேன். நிக்கல் பூச்சுக்கு ஆகாது என்பதால் வினிகர் வைக்கவில்லை. அழுக்கு போனதும் தலையின் அடியில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் தெரிந்தன. ஏ, 3. அமெரிக்காவில் செய்த ஜில்லெட்டில் எழுத்து ஆண்டைச் சொல்லும், எண் அந்த ஆண்டின் எந்தக் காலாண்டு என்பதைச் சொல்லும். ஏ என்றால் 1955. பிறகு பி 1956, சி 1957 என்று போகும்.

பெரியப்பா பிறந்தது 1955 ஆகஸ்ட். மூன்றாம் காலாண்டு!

சுங்கைப்பட்டாணிப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர் அவர். தாத்தா பால்வெட்டு முடித்து வந்து, கிணற்றடியில் கண்ணாடியை ஆணியில் மாட்டி இதே மாதிரி ரேசரில்தான் சவரம் செய்வாராம். தோட்டத்தை விட்டு வந்தபோது அது எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. நான் கொண்டுபோய்க் கொடுத்ததும் பெரியப்பா குமிழைத் திருகித் திருகிப் பார்த்தார். கதவு திறக்கும், மூடும், மறுபடி திறக்கும். பெரியம்மா பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். எங்கள் வீட்டில் யாரும் பேசாத தாத்தாவின் கதைகள் பல அன்றைக்கு வெளியே வந்தன. கங்காணியோடு அவர் போட்ட சண்டைகூட.

அதற்குப் பிறகு அப்பாவுக்கு 1957 சி தேடினேன். தேடும்போது தேவைப்படாத எழுத்துகளும் கைக்கு வரும், விட்டுவிட முடியாது, யாரோ ஒருவரின் ஆண்டு அது. இதற்கு ‘பிறந்தநாள் ரேசர்’ என்று பெயரே இருக்கிறது, உலகம் முழுக்கத் தேடுகிறார்கள். என் வீட்டில் ரேசர் பெருகியது இப்படித்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் இருக்கிறது.

செத்தாப்பாக்கிலிருந்து

எனக்குத் தேவையில் தொடங்கியது. செக்யூரிட்டி வேலை, தாடி வைக்க முடியாது. என்னுடையது சுருட்டை முடி. ஐந்து பிளேடு காட்ரிட்ஜ் போட்டால் கழுத்து முழுக்கக் கொப்புளம். அதன் முதல் பிளேடு முடியை இழுக்கும், அடுத்தது தோல் மட்டத்துக்குக் கீழே வெட்டிவிடும். சுருட்டை முடி திரும்ப வளரும்போது தோலுக்குள்ளேயே வளைந்து குத்தும். கிளினிக்கில் இதைச் சொன்ன பிறகுதான் ஒற்றை பிளேடுக்கு மாறினேன். பாதி குறைந்தது. மீதியும் போகட்டும் என்றுதான் ஒவ்வொரு ரேசராக வாங்கிப் பார்க்கிறேன். வலிக்கு மருந்து தேடுகிற மாதிரிதான் இது.

நம் ஊர் ஈரமும் ஒரு காரணம். வீட்டில் குளியலறைக்கு ஜன்னல் இல்லை. பேட்ஜர் என்ற விலங்கின் முடியில் செய்த பிரஷ் காயவே காயாது, நாற்றம் வந்துவிட்டது. சிந்தடிக் வாங்கினேன், சீக்கிரம் காய்கிறது. துத்தநாகக் கலவையில் வார்த்து குரோம் பூசிய ரேசரில் பூச்சு விட்ட இடம் அரித்துக் குழி விழுந்தது. எவர்சில்வர் ரேசருக்குப் போனேன். குளிர் நாட்டில் இருப்பவர் இதை வாங்கியிருக்க மாட்டார்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து

நான் முடிதிருத்தும் கடையில் வேலை செய்கிறவன். அப்பாவும் இதே தொழில்தான். நீங்கள் வாங்குவதைத் தப்பாகப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

என்னிடம் இருப்பது ஒரே பிடி. இரட்டை முனை பிளேடை உறையோடு மடக்கி இரண்டாக உடைப்பேன், பாதியைப் பிடியில் செருகுவேன், ஒருவருக்குப் போட்டதை இன்னொருவருக்குப் போட மாட்டேன். காலையிலிருந்து ராத்திரிவரை வேறு வேறு முகங்கள் வருவதால் அந்த ஒரு பிடியிலேயே எல்லாம் படித்துவிடலாம். தைப்பூசத்துக்கு பத்துமலையில் மொட்டை போடப் போனால் இன்னும் சொல்ல வேண்டியதில்லை, பச்சைக் குழந்தையின் தலையும் கிழவரின் தலையும் அடுத்தடுத்து வரும். உங்களுக்கு ஆயுசுக்கும் ஒரே முகம். முகத்தை மாற்ற முடியாது, அதனால் கத்தியை மாற்றி மாற்றிப் படிக்கிறீர்கள். எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ரேசர், பிளேடு, சோப்பு மூன்றும் ஒரே நாளில் புதுசு என்றால் எது கெடுத்தது, எது நன்றாகச் செய்தது என்று தெரியாது. கடைசியில் ஈரப் படிகாரத்தை முகம் முழுக்கத் தேய்த்துக் கொஞ்ச நேரம் நில்லுங்கள். எங்கே எரிகிறதோ அங்கே அதிகம் அழுத்தியிருக்கிறீர்கள்.

செத்தாப்பாக் தம்பி, கழுத்தில் எதிர்வாக்கில் இழுக்கிறீர்களா? அங்கே முடி பக்கவாட்டிலும் சுழன்றும் வளரும். இரண்டு நாள் வளரவிட்டு, விரலால் தடவிப் பார்த்து, வளரும் வாக்கிலேயே இரண்டு முறை போதும். சுருட்டை முடிக்குக் கண்ணாடி போன்ற வழவழப்பு தேவையில்லை, மட்டமாக இருந்தால் போதும்.

செத்தாப்பாக்கிலிருந்து

ஆமாம் அண்ணே, எதிர்வாக்கில்தான் முடிக்கிறேன். இது தெரிந்திருந்தால் ஆர்டர் போட்டிருக்கும் அடுத்த ரேசரைப் பற்றி யோசித்திருப்பேன். வந்தால் வரட்டும். அடுத்த லீவு நாளில் இரண்டு நாள் விட்டுப் பார்க்கிறேன்.

செந்தூலிலிருந்து

பிரிக்பீல்ட்ஸ் அண்ணன் சொன்ன ‘ஒரே முகம்’ என் கணக்கை முழுமையாக்குகிறது. தம்பி, அதுவரை இருக்கும் ரேசரில் மிருதுவானதை மட்டும் வெளியே வையுங்கள். மற்றதைக் காயவைத்து, ஒரு பொட்டு மினரல் ஆயில் தடவி டப்பாவில் போடுங்கள். நம் ஊரில் திறந்து வைத்தால் நிலைக்காது.

பிறைக்காரரே, அப்பாவுக்கு சி கிடைத்ததா?

பிறையிலிருந்து

கிடைத்தது அண்ணே, இரண்டாம் காலாண்டு. அப்பா நவம்பர். ஆண்டு சரியாக இருந்தால் போதும் என்று அவரே வாங்கி வைத்துக்கொண்டார், இப்போது வேறு எதுவும் தொடுவதில்லை. மாமா 1960, அதற்கு எஃப் வேண்டும். யார் கண்ணிலாவது பட்டால் சொல்லுங்கள், நிக்கல் பூச்சு கொஞ்சம் போயிருந்தாலும் பரவாயில்லை, கதவு சரியாக மூடினால் போதும்.