அலுவலகப் பொதுக் கணினியை மந்தமாக்கும் சக ஊழியர்: முறையிடுவதா, பேசித் தீர்ப்பதா?

உவர்மலை வாசகி:

திருகோணமலை நகரில், கணக்கு வேலைகளைப் பொறுப்பேற்றுச் செய்துகொடுக்கும் ஒரு தனியார் அலுவலகத்தில் பணியாற்றுகிறேன். ஆறு பேருக்குப் பொதுவாக மூன்று கணினிகள்தான் இருப்பதால், முற்பகலில் ஒருவரும் பிற்பகலில் ஒருவருமாக ஒரே கணினியில் அமர்கிறோம். எனக்கு முன்னர் அமரும் மூத்த ஊழியர், கண்ட கண்ட தளங்களிலிருந்து இலவச மென்பொருட்களை இறக்கி நிறுவுகிறார். பயனர்கள் தமக்குள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் டொரென்ட் முறை மூலம் திரைப்படங்களை இறக்குகிறார். வெளியிலிருந்து கொண்டுவரும் பென்டிரைவைச் சோதிக்காமலே செருகுகிறார். அவர் எழுந்து சென்ற பின்னர் ஓர் எக்செல் கோப்பைத் திறப்பதற்குக்கூட நான் நெடுநேரம் காத்திருக்க வேண்டியுள்ளது.

இதைச் சிறிய எரிச்சல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதிகளும் நகரக் கடைகளும் தம் ஊழியர்களுக்கான சேமலாப நிதிப் பணத்தை, அதாவது ஊழியரின் பங்கான 8 சதவீதத்தையும் தொழில்தருநரின் பங்கான 12 சதவீதத்தையும், அடுத்த மாதத்தின் இறுதி வேலைநாளுக்குள் செலுத்தியாக வேண்டும். பிந்தினால் மிகைக்கட்டணம் விழும். அதற்கான சி படிவங்களை ஆயத்தப்படுத்தும் நாட்களில்தான் கணினி அசைய மறுக்கிறது. உரிமையாளருக்கு எழுத்தில் முறையிடுவதே சரி என்று நான் கருதுகிறேன். உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

மூதூர்க் கணக்கர்:

தயங்காமல் எழுதுங்கள், தங்கச்சி. வேகம் குறைவது இதில் வெளியே தெரியும் பகுதி மட்டுமே. அந்தக் கணினியில் நூற்றுக்கணக்கான தொழிலாளரின் அடையாள அட்டை இலக்கங்களும் சம்பள விபரங்களும் இருக்கின்றன. உரிமமின்றி உடைத்துப் பரப்பப்படும் மென்பொருட்களுடன் கடவுச்சொற்களைத் திருடும் நிரல்கள் ஒட்டிவருவது யாவரும் அறிந்ததே. தனிப்பட்ட தரவைக் காப்பதற்கென்று 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இந்நாட்டில் இயற்றப்பட்டிருக்கிறது. நாளை அந்த விபரங்கள் வெளியே கசிந்தால், அவர் படம் இறக்கியது உங்களுக்கு முன்னரே தெரிந்திருந்தும் ஏன் சொல்லவில்லை என்றுதான் உரிமையாளர் கேட்பார். மூத்தவர் என்ற மரியாதையைப் பேச்சில் காட்டலாம். மௌனத்தில் காட்டக் கூடாது.

கிண்ணியா நானா:

மூதூர்க்காரரின் கவலை நியாயமானது, ஆனால் அவர் தீர்ப்பிலிருந்து தொடங்குகிறார். கணினி மந்தமாவதற்கு அந்த மனிதர்தான் காரணம் என்று இதுவரை யாரும் அளந்து பார்க்கவில்லை. 4 ஜி.பி. ராமும் (தற்காலிக நினைவகம்) சுழலும் வன்தட்டும் கொண்ட பழைய கணினியாக இருந்தால், அதில் விண்டோஸ் 10 ஓடுவதும் குரோமில் பத்துப் பக்கங்கள் திறந்திருப்பதுமே போதும், வேறு எவரும் கெடுக்கத் தேவையில்லை. நம் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு. சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில், குளிரூட்டி இல்லாத அறையில், விசிறியில் தூசு அடைந்த கணினி சூடேறும்போது, அதன் மையச் செயலி (சி.பி.யு.) தன்னைக் காத்துக்கொள்வதற்காகத் தானாகவே வேகத்தைக் குறைத்துவிடும். அந்த மந்தத்துக்கு எந்த ஊழியர் பொறுப்பு?

முறைப்பாட்டுக்கு முன்னர் ஒரு வேலை செய்யுங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் யூசர்ஸ் என்ற பகுதிக்குச் சென்றால், எந்தெந்தப் பயனரின் கணக்கு இன்னும் உள்ளே இருக்கிறது, ஒவ்வொருவரும் எவ்வளவு ராமைப் பிடித்திருக்கிறார்கள் என்று தனித்தனியே தெரியும். அதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

உவர்மலை வாசகி:

பார்த்தேன், நானா. நான் அமர்ந்து வேலை செய்யும் நேரத்தில் அவருடைய கணக்கும் உள்ளே இருக்கிறது. பயன்பாட்டில் உள்ள ராமில் பாதிக்கு மேல் அவருடைய பெயரின் கீழ்தான் காட்டுகிறது. குரோமும் டொரென்ட் மென்பொருளும் அங்கே ஓடிக்கொண்டிருக்கின்றன. வன்தட்டின் பயன்பாடு நூறு சதவீதத்தில் நிற்கிறது. கணினி பழையது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பழைய கணினியில் என் வேலைக்கென்று எஞ்சியிருக்க வேண்டியதையும் ஒருவர் எடுத்துக்கொள்கிறார் என்பது இப்போது கண்முன்னே தெரிகிறது.

கிண்ணியா நானா:

அப்படியானால் காரணத்தின் பெரும்பகுதி கையில் அகப்பட்டுவிட்டது, ஆனால் அது குற்றமா என்பது வேறு கேள்வி. விண்டோஸில் திரையைப் பூட்டிவிட்டு அடுத்தவர் தமது பெயரை அழுத்தி உள்நுழைந்தால், முந்தியவரின் அமர்வு மூடப்படுவதில்லை. அவர் திறந்த யாவும் பின்னணியில் அப்படியே ஓடும். சைன் அவுட் கொடுத்தால்தான் அவை மூடப்பட்டு ராம் விடுபடும். திரை பூட்டப்பட்டதைக் கண்டதும் வேலை முடிந்துவிட்டது என்றே பலரும் எண்ணுகிறார்கள். கணினி வாங்கிக் கொடுத்த உரிமையாளர் இந்த வேறுபாட்டை யாருக்காவது காட்டிக்கொடுத்தாரா? மென்பொருள் நிறுவ இடம்கொடுக்கும் நிர்வாகக் கடவுச்சொல் எல்லாரிடமும் இருக்க விட்டவர் யார்? முதல் கேள்வி அங்கேதான் போக வேண்டும்.

மூதூர்க் கணக்கர்:

சைன் அவுட் அறியாமை என்பதை ஏற்றுக்கொள்கிறேன். டொரென்ட்டையும் அறியாமையாக்க வேண்டாம். அதைத் தேடி, இறக்கி, நிறுவி, வேண்டிய படத்தைத் தெரிவுசெய்வதற்கு அறிவும் வேண்டும், அலுவலக நேரமும் வேண்டும். படம் முழுவதும் இறங்கிய பின்னரும், நாம் நிறுத்தாத வரை, அந்த மென்பொருள் அதே கோப்பை முன்பின் தெரியாதவர்களுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆகவே மற்ற இரண்டு கணினிகளில் இருப்பவர்களின் இணைய வேகமும் குறைகிறது. பதிப்புரிமை பெற்ற படத்தை இவ்வாறு பகிர்வது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்துக்கு முரணானது. இணைய இணைப்போ நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. ஒருவருடைய பொழுதுபோக்குக்கு நிறுவனம் பதில் சொல்ல வேண்டிய நிலை வரலாம் என்பதை அறிந்தும், அவரைத் தட்டிக்கொடுத்துப் பேசச் சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

நிலாவெளி ஆசிரியை:

இருவரும் சட்டத்தையும் இயந்திரத்தையும் பேசுகிறீர்கள். நான் அந்த மனிதரைப் பற்றிப் பேச விரும்புகிறேன். திருகோணமலை சிறிய நகரம். அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தவரும் முறைப்பாட்டுக்கு உள்ளானவரும் மாலையில் கடற்கரையிலோ கோணேசர் கோயில் வாசலிலோ முகம் பார்த்தாக வேண்டும். கோப்பில் ஏறிய கடிதம் இறங்குவதில்லை. சம்பள உயர்வின்போதும், வேறு வேலைக்குப் பரிந்துரை கேட்கும்போதும் அது முன்னே வந்து நிற்கும். ஒரு வார்த்தையும் நேரில் சொல்லாமல், இவ்வளவு பாரமான ஒன்றை ஒருவர் மீது வைப்பதற்கு நமக்கு உரிமை உண்டா?

தங்கச்சி, அவர் எழும்பும் நேரத்தில், வேறு எவரும் அருகில் இல்லாதபோது, டாஸ்க் மேனேஜர் திரையை அவருக்குக் காட்டுங்கள். “அண்ணை, நீங்கள் போன பிறகும் உங்கள் பக்கத்தில் இவையெல்லாம் ஓடுகின்றன, எனக்கு சி படிவம் முடிக்க முடியவில்லை” என்று சொன்னால் போதும். அதில் குற்றச்சாட்டு இல்லை, கண்ணால் காணக்கூடிய செய்தி மட்டுமே இருக்கிறது. கேட்கக்கூடிய மனிதராக இருந்தால் அத்துடன் கேட்பார்.

மூதூர்க் கணக்கர்:

கேட்காவிட்டால், டீச்சர்? நீங்கள் சொன்ன அதே சிறிய நகரத்தில், இந்தப் பிள்ளை தன்னைக் காட்டிக்கொடுக்கத் திரிகிறாள் என்ற கதை உரிமையாளரின் காதுக்கு அவர் மூலமாகவே முதலில் போகும். இளையவர்களும் பெண்களும் பேசித் தீர்க்க முயன்று இறுதியில் தாங்களே பொல்லாதவர்களாகிப் போவதை நான் பல அலுவலகங்களில் கண்டிருக்கிறேன். எழுத்து அவர்களுக்குப் பாதுகாப்பு.

சீனக்குடா நுட்பர்:

கணினி பழுதுபார்ப்பது என் தொழில் என்பதால் சில விடயங்களைச் சேர்க்கிறேன். ஊழியர் எல்லாரையும் சாதாரணப் பயனர் கணக்குகளுக்கு மாற்றி, நிர்வாகக் கடவுச்சொல்லை ஒருவரிடம் மட்டும் வைப்பது முதல் வேலை; அதற்குச் செலவே இல்லை. விண்டோஸ் புரோ பதிப்பாக இருந்தால், குழுக் கொள்கை (குரூப் பாலிசி) அமைப்பில் வேகப் பயனர் மாற்றத்தை மறைத்துவிடலாம். சைன் அவுட் செய்யாமல் அடுத்தவர் உள்ளே வரும் வழி அதன் பின் பயனர்களுக்குக் காட்டப்படாது. மதிய இடைவேளையில் கணினியை மறுபடி தொடங்கும் வழக்கமும் நல்லது, திறந்த கோப்புகளைச் சேமித்துவிட்டால். சுழலும் வன்தட்டை நீக்கி, சுழலும் பாகமில்லாத வேகமான சேமிப்பகமான எஸ்.எஸ்.டி. பொருத்தினால், பழைய கணினியிலும் வேறுபாடு உடனே தெரியும். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 அன்று முடிவடைந்துவிட்டதால், எந்தக் கணினியில் பணம் போடுவது என்பதை உரிமையாளர் இப்போது எப்படியும் சிந்தித்தாக வேண்டும்.

ஆனால் நானாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நிர்வாக உரிமை இல்லாமலே, பயனரின் சொந்தக் கோப்புறைக்குள் தம்மை நிறுவிக்கொள்ளும் மென்பொருட்கள் ஏராளமாக உள்ளன. அமைப்பை மாற்றினால் தொல்லை குறையும். வேண்டுமென்றே செய்பவரை அது முற்றாகத் தடுக்காது. அங்கே மனிதர் ஒருவர் வாய் திறந்து பேசத்தான் வேண்டும்.

உவர்மலை வாசகி:

சைன் அவுட் விடயத்தை டீச்சர் சொன்னபடி அவரிடம் நேரில் காட்டப் போகிறேன். அது தெரியாமல் நடந்திருக்கலாம் என்று நானும் நம்ப விரும்புகிறேன். டொரென்ட்டையும் அதே வேளையில் நீக்கச் சொல்வேன். உரிமையாளருக்கு எழுதும் கடிதத்தில், பயனர் கணக்குகளை மாற்றுவதும் எஸ்.எஸ்.டி. வாங்குவதும் மட்டுமே இருக்கும். அடுத்த சேமலாப நிதி வேலை தொடங்கும்போது அந்த மென்பொருள் இன்னும் அங்கே ஓடினால், இரண்டாவது கடிதத்தில் அவருடைய பெயரை எழுதுவேன்.

கிண்ணியா நானா:

முதற்கடிதம் சரி. இரண்டாவதிலும் பெயர் வேண்டாம், கணினியின் இலக்கத்தையும் ஓடும் மென்பொருளின் பெயரையும் எழுதுங்கள். ஆளைக் கண்டுபிடிப்பது உரிமையாளரின் வேலை.

மூதூர்க் கணக்கர்:

ஒரே கணினியில் இருவர் அமரும்போது இலக்கத்தை மட்டும் எழுதினால், சந்தேகம் தங்கச்சி மீதும் விழும். பெயரை எழுதுங்கள், நேரில் பேசிய திகதியையும் அதன் அருகில் எழுதுங்கள்.